முக்கில் நின்றவள்

கோல்பி வெல்ஸ், நெவாடா
டிசம்பர் 2, 1986

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

தம்பி வெண்டல் எழுதுவது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, பியூட்டில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இப்போதும் கேட்கிறேன், ஆனால் கை வேறு எதையோ எழுதத் துடிக்கிறது. ரோனாவைக் காணவில்லை அக்கா. சனிக்கிழமையிலிருந்து என் மகளைக் காணவில்லை.

அன்றைக்கு எங்கள் பைக் கிளப்பின் குளிர்கால ஓட்டம். காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போதே சாரல். மதியத்துக்குள் அது பனிமழையாகி ஹெல்மெட் கண்ணாடியில் உறைந்தது. நீ ஒருமுறையும் எங்களோடு வந்ததில்லை, அதனால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். வழி தெரிந்த எம்மெட் முன்னால் போவார். தடம் பிரிகிற ஒவ்வொரு முக்கிலும், தனக்கு அடுத்தாற்போல் வருகிறவரை நிறுத்திவிட்டுப் போவார். அவர் அங்கேயே நின்று பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் கைகாட்ட வேண்டும். எல்லாருக்கும் கடைசியாக வருகிறவனுக்கு எங்களிடையே ‘வால்’ என்று பெயர். வால் வந்து சேரும்வரை முக்கில் நிற்பவர் நகரக்கூடாது. வெயிலோ பனியோ, வயிற்றைக் கலக்கினாலும்கூட நகரக்கூடாது. பாலைவனத்தில் ஒரு ஆள் தவறினால் தேடி எடுக்க முடியாது, அதனால் வந்த சட்டம் இது.

அன்று வாலாக வந்தவன் என் மாப்பிள்ளை டாரல். ரோனாவை நிறுத்திய முக்கு, கழுதைக்காது மேட்டுக்குக் கீழே. அங்கே ஒரு தடம் வறண்ட ஏரியைச் சுற்றிப் போகும், இன்னொன்று பழைய சுரங்கப் பாதை, தார் ரோட்டில் போய் முட்டும். டாரலுக்கு முன்னால் போன கடைசி ஆள்வரை அவள் கைகாட்டி அனுப்பியிருக்கிறாள். டாரல் வந்தபோது முக்கில் யாரும் இல்லை. “குளிர் தாங்காம முன்னாடி கெளம்பியிருப்பான்னு நெனச்சேன் மாமா” என்கிறான். முகாமில் வந்து பார்த்தால் அவளும் இல்லை, வண்டியும் இல்லை.

என் மகள் முக்கை விட்டுப் போகிறவள் இல்லை. மழைக்கு ஒதுங்கப் பார்த்து, பக்கத்தில் ஏதாவது சுரங்கக் குழியில் வண்டியோடு விழுந்திருப்பாள். ஷெரீஃப் ஆட்கள் நாளையோடு தேடலை நிறுத்துகிறார்கள். நான் நிறுத்தப்போவதில்லை.

டாரல் என் வீட்டில் வந்து தங்கியிருக்கிறான். தேடப் போன இடத்தில் விழுந்து படிக்கப் போடுகிற என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. தபால்பெட்டிச் சாவி அவனிடம்தான், கடிதங்களை அவன்தான் எனக்குப் படித்துக்காட்டுகிறான். இதைக்கூடப் பெரிய எழுத்தில் தடவித் தடவி எழுதுகிறேன். எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி,
வெண்டல்


பியூட், மொன்டானா
டிசம்பர் 9, 1986

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே பனி முழங்கால்வரை கிடக்கிறது. என் முதுகு பாதி நாள் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மீதி நாள் தன் இஷ்டம்.

எனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தோல்சட்டைக்கு உள்ளே கம்பளி போடுகிறாயா? நனைந்த உடம்போடு பைக்கில் உட்காராதே. ஈரத்தில் காற்று பட்டால் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உனக்கு அறுபத்தொன்று ஆகிறது. போன குளிரில் நுரையீரலில் சளி கட்டி நீ படுத்த படுக்கையை மறந்துவிட்டாயா?

தேடியது போதும். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் தானாகவே எங்கேயாவது கிளம்பிப் போயிருக்கலாம் இல்லையா? சிலர் அப்படிப் போவதுண்டு. எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நீ வீட்டுக்குள் இரு. அக்கா சொன்னால் கேட்டுப் பழக்கமில்லாதவன் நீ, இந்த ஒருமுறை கேள்.

டாரலை விசாரித்ததாகச் சொல்.

அக்கா,
ஆர்டித்


(அதே நாள் எழுதியது. அனுப்பவில்லை.)

வெண்டல்,

உனக்கு எழுத வேண்டிய கடிதம் இதுதான். எழுதி அடுப்பில் போட்டுவிடுவேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ரோனா இங்கே இருக்கிறாள். மாடியில் என் தையலறையில் தூங்குகிறாள். நெவாடாவிலிருந்து பைக்கிலேயே வந்து சேர்ந்தாள். மண்ணிலும் ஓடும், ரோட்டிலும் ஓடும் என்று பீற்றிக்கொள்வாயே, அதே வண்டியில், பனியிலும் மழையிலும். இப்போது அது நிலக்கரிக் கொட்டகையில், கரிக்கு அடியில் கிடக்கிறது. கதவைத் திறந்தபோது அவளால் விரலை மடக்க முடியவில்லை. ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. குளிரில் வந்த கோணல் இல்லை அது.

ஆகஸ்டில் தடத்தில் விழுந்து அடிபட்டாள் என்று எழுதினாய். விழவில்லை, டாரல் அடித்தான். அதற்கு முன்னால் உடைந்த விலா எலும்பும் அவன் வேலைதான். “நம்ம ஆளுங்க எல்லாருமே விழுவாங்கல்ல அத்தை. பைக் ஓட்டுறவ காயத்தைப் பாத்து யாரு என்ன கேக்கப்போறா?” என்கிறாள். அன்று காலை கூடாரத்துக்குள் அவன் சொல்லியிருக்கிறான்: “இந்த ஓட்டம் முடியட்டும். வீட்டுக்குப் போனதும் உன்னை முடிச்சிடறேன்.” அதற்குப் பிறகும் அவள் முக்கில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகாட்டியிருக்கிறாள். இனி வால் மட்டும்தான் பாக்கி என்று ஆனதும், விளக்கை அணைத்துவிட்டுச் சுரங்கப் பாதையில் இறங்கிவிட்டாள்.

இதை உனக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? போன் வைக்கமாட்டோம் என்று நாம் இரண்டு பேருமே அப்பா மாதிரி அடம்பிடித்தோம். ஊர்க் கடைக்குப் போன் பண்ணினால் கடையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும். ஷெரீஃப் ஆபீசில் டாரலின் சித்தப்பா மகன் இருக்கிறான். எம்மெட்டிடம் சொல்வதும் ஊரில் தமுக்கு அடிப்பதும் ஒன்றுதான். கடிதம் எழுதினாலோ, அதைப் படித்துக்காட்டுகிறவனே அவன்.

தாடைக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். பிறகு பல வாரம் வாயைக் கம்பியால் கட்டிவைப்பார்களாம். அது குணமாகி, அவன் கண்ணுக்கு எட்டாத ஊருக்குப் போகும்வரை மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். “அப்பாவுக்கு மட்டுமாவது சொல்லலாமே?” என்றேன். “அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது அத்தை. அவரு மூஞ்சியப் பாத்தே இவன் கண்டுபுடிச்சிருவான்” என்கிறாள்.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் அவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் நீ போய்விடுவாய். தம்பி, மழையில் போகாதே.


கோல்பி வெல்ஸ்
டிசம்பர் 20, 1986

ஆர்டித்துக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

டாரல் உன் கடிதத்தைப் படித்துக்காட்டினான். தானாகப் போயிருப்பாளா? இன்னொரு தடவை அப்படி எழுதாதே. என் பெண்ணை எனக்குத் தெரியாதா? அவள் போகிறவள் இல்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?

தினமும் விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிடுகிறோம். இப்படி ஒரு மழையை நான் இங்கே பார்த்ததே இல்லை. ஏரிக்கு வறண்ட ஏரி என்று பெயர், இப்போது போய்ப் பார், சோப்புக்கட்டி மாதிரி கிடக்கிறது. களிமண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்கு அடியில் இறுகி, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுகிறது. இறங்கி டயர் நெம்பியால் சுரண்டி எடுத்தால் அடுத்த கல்லுவரை போகலாம். பிறகு மறுபடி சுரண்ட வேண்டும். மணல் ஓடைகளில் எல்லாம் தண்ணீர் வருகிறது. மேட்டின் மேலே தண்ணீர் பனியாகிவிடுகிறது. பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்கிறேன், அப்படியும் சாயங்காலம் கால் என்னுடையதா மரக்கட்டையா என்று தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேற்று டாரல் கேட்டான்: “மாமா, இங்கயே சுத்திட்டிருக்கோமே. நெடுஞ்சாலைப் பக்கம் ஒருவாட்டி விசாரிக்கலாமா? பெட்ரோல் போடுற எடத்துல யாராச்சும் பாத்திருந்தா?”

எனக்கு வந்ததே கோபம். “நீ கிளப்புல சேந்து ஏழு வருஷம் ஆச்சு. வால் வராம முக்கை விட்டு எவனாவது நகந்து பாத்திருக்கியா? அப்ப எம் பொண்ணு மட்டும் நகருவாளா? அவளை அவ்வளவு கேவலமா நெனச்சிட்டியாடா?” என்று கத்திவிட்டேன். “மன்னிச்சிருங்க மாமா, நான் அப்படிச் சொல்லல” என்று தலையைக் குனிந்துகொண்டான். கிளப்பில் எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

வெண்டல்


பியூட்
டிசம்பர் 30, 1986

என் தம்பிக்கு,

கோபத்தோடாவது எழுதினாயே, அதுவே எனக்குப் போதும். தப்பாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

நான் படுக்கையில் விழுந்துவிட்டேன். முதுகு அடியோடு பிடித்துக்கொண்டது, எழுந்து ஒரு குவளை காபி போட முடியவில்லை. நமக்கு என்று இருப்பது நாம் இரண்டு பேர்தான். நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ. டாரல் அங்கே தேடிக்கொண்டிருக்கட்டும், நீ மட்டும் பஸ் ஏறி வா. ஒரு வாரம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சூப் குடித்துவிட்டுப் போகலாம். அதற்குள் மழையும் விட்டுவிடும்.

நீ இருமுகிறாய் என்று எனக்குத் தெரியும். எழுதாவிட்டாலும் தெரியும். வந்துவிடு தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆர்டித்


கோல்பி வெல்ஸ்
ஜனவரி 8, 1987

மரியாதைக்குரிய அத்தைக்கு,

டாரல் எழுதும் கடிதம். தாங்கள் குணமடைந்து வர வேண்டுகிறேன். மாமாவின் வலது கை விரல்கள் குளிரில் கறுத்துவிட்டதால் அவருக்குப் பதிலாக எழுதுகிறேன். ராத்திரியெல்லாம் இருமுகிறார். டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார்.

தங்கள் கடிதத்தை அவருக்கு இரண்டு தரம் படித்தேன். “எம் பொண்ணு மழையில கெடக்கா, நான் அக்கா வீட்டுல போயி அடுப்புக் காயவா?” என்று சொல்லிவிட்டார். அவர் வரமாட்டார்.

ஆனால் தங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எழுந்திருக்கக்கூட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குச் சமைத்துப் போடுவது யார்? கடிதத்தைத் தபாலில் சேர்த்தது யார்? ரோனா சின்ன வயதில் விடுமுறை விட்டால் உங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவாளாம், என்னிடம் அடிக்கடி சொல்வாள். எனக்கும் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை அங்கே வந்து சேரலாம் என்று இருக்கிறேன். பனியை வாரிப் போட்டுவிட்டு, உங்களுக்கு ஒத்தாசையாகச் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன்.

தங்கள் அன்புள்ள,
டாரல்


கோல்பி வெல்ஸ்
ஜனவரி 13, 1987

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கியதுபோல்தான் இருக்கும். உன் முதுகு சீக்கிரம் நிமிரட்டும்.

செய்தி கிடைத்துவிட்டது. நேற்று செங்கிணற்றுப் பள்ளத்தாக்கில், பாறைக்கு அடியில் ரோனாவின் கையுறையைக் கண்டெடுத்தோம். இடது கை உறை. உள்ளே நான் முயல்தோல் வைத்துத் தைத்துக்கொடுத்தேனே, அதேதான். டாரல் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். “இது அவளோடதுதான் மாமா. இது அவளோடதுதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் இங்கேதான் இருக்கிறாள் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் கிளைகள் நிறைய, ஒவ்வொன்றிலும் பழைய குழிகள். பார்த்து முடிக்கக் குளிர்காலம் முழுக்கப் பிடிக்கும். டாரல் பியூட் பயணத்தை நிறுத்திவிட்டான். ஒத்தாசைக்கு உன் ஊரிலேயே யாரையாவது பார்த்துக்கொள்.

வெண்டல்


(ஜனவரி 19. அனுப்பவில்லை.)

வெண்டல்,

வியாழக்கிழமை முழுக்கக் கோடரியை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரவில்லை. இன்று உன் கடிதம் வந்தது. ரோனாவிடம் கொடுத்தேன். போன வாரம்தான் அவளுக்கு ஆபரேஷன் ஆனது, வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டு எழுந்து போனாள். அடுப்புக்கு மேலே கொடியில் அவளுடைய கையுறைகள் காய்கின்றன, வந்த நாளிலிருந்து அங்கேதான் தொங்குகின்றன. இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் என் முன்னால் வைத்தாள். இடது கை, வலது கை. இரண்டிலும் முயல்தோல்.

உன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன்.

அடப்பாவி. உனக்குத் தெரிந்திருக்கிறது. விரல் கறுத்த கையோடு உட்கார்ந்து இன்னொரு கையுறை தைத்திருக்கிறாய். கொண்டுபோய்ப் பாறைக்கடியில் போட்டுவிட்டு, நீயே கண்டெடுத்திருக்கிறாய். அவன் வியாழக்கிழமை இங்கே வராமல் இருப்பதற்காக. பொய் சொல்ல வராதாம் உனக்கு!

அவள் வாயைத் திறந்து அழக்கூட முடியாமல் மேஜையில் தலையை முட்டிக்கொண்டு கிடக்கிறாள். உன்னை வீட்டுக்குள் இருக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன். இனி நான் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இந்தக் கை எப்படி அதை எழுதும்?


பியூட்
ஜனவரி 19, 1987

அன்புத் தம்பிக்கும் டாரலுக்கும்,

என் முதுகு ஒருவழியாகத் தேறிவிட்டது. எதிர்வீட்டுப் பெண்மணி இத்தனை நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தபாலையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

கையுறை கிடைத்த செய்தியைப் படித்து நாளெல்லாம் அழுதேன். நான் எவ்வளவு முட்டாள் என்று இப்போது தெரிகிறது. தம்பி, நீ சொன்னதுதான் சரி. அவள் அங்கேதான் இருக்கிறாள். தேடுங்கள். மழை பெய்தாலும் தேடுங்கள். பனி விழுந்தாலும் தேடுங்கள். ஒரு குழியைக்கூட விட்டுவிடாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். டாரல், மாமாவைத் தனியே விட்டு எங்கும் போகாதே. அவருக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

வெண்டல், கம்பளி போட்டுக்கொள். போட்டுக்கொண்டு போ.

ஆர்டித்


மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து
பிப்ரவரி 17, 1987

ஆர்டித் அக்காவுக்கு,

வெண்டல் சொல்ல எம்மெட் எழுதுவது. இந்தக் கடிதம் டாரல் கண்ணில் படாது. எம்மெட்டே கொண்டுபோய் எக்ஸ்பிரஸ் தபாலில் போடுவார். அதனால் இப்போதாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. போன வாரம் பள்ளத்தாக்கில் பனிமழைக்கு நடுவே வண்டியிலிருந்து சாய்ந்துவிட்டேன். என்னை முதுகில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தவன் டாரல். மனுஷன் என்றால் இப்படியும் இருக்கிறான் அப்படியும் இருக்கிறான், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் போனது எனக்கு மறுநாள் காலையே தெரியும். எல்லாருக்கும் முன்னால் முக்குக்குப் போனவன் நான். ஈரக் களிமண்ணில் அவள் டயர்த் தடம் அச்சு அடித்ததுபோல் கிடந்தது. அந்த டயரை மாட்டியது என் கை. தடம் சுரங்கப் பாதையில் திரும்பி நேராகத் தார் ரோட்டுக்குப் போனது. எங்கேயும் வழுக்கவில்லை, தடுமாறவில்லை. அவள் ஓடிப்போகிறாள் என்று புரிந்தது. யாரிடமிருந்து என்றும் அப்போதுதான் புரிந்தது. அந்தத் தாடையை ஆகஸ்டிலேயே பார்த்தவன் நான். என் வண்டியை அதன்மேல் முன்னும் பின்னுமாக ஓட்டி, தடம் இருந்த இடத்தைச் சேறாக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன். வருத்தத்தில் இல்லை அக்கா. அதற்குப் பிறகு எல்லாரையும் பார்த்து, என் மகள் முக்கை விட்டுப் போகமாட்டாள் என்று கத்தினேன். எங்கள் ஆட்களுக்கு அது வேதவாக்கு, அவனுக்கும்தான். ஒருத்தன்கூட ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கே போனாள் என்று எனக்குச் சொன்னது உன் முதல் கடிதம். அவளைத் தூக்கி வளர்த்தவள் நீ. அவளைக் காணவில்லை என்று நான் எழுதினால், என்னைக் கம்பளி போடச் சொல்லி எழுதுகிறாய்! அவன் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அடுத்த வரியில், தானாகப் போயிருக்கலாம் என்று நீயே போட்டு உடைத்தாய். அதனால்தான் உன்னை அப்படித் திட்டினேன். ஜனவரியில் ‘தேடுங்கள்’ என்று எழுதினாயே, அன்றைக்குத்தான் நீயும் என் பக்கத்தில் வண்டி ஓட்டுவதாகத் தோன்றியது.

இனி என்னால் ஓட்ட முடியாது. நேற்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: “கையுறை மட்டும் கெடச்சுது. வண்டி எங்க மாமா? இத்தனை பெரிய வண்டி எங்க போச்சு?” கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். “வெள்ளிக்கிழமை கெளம்பி அத்தையப் பாத்துட்டு வந்துடறேன்” என்றான்.

இது உன் கைக்கு வரும்போது இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அவள் தாடை ஆறியதோ இல்லையோ, அவளை அனுப்பிவிடு. எங்கே என்று என்னிடம் சொல்லாதே. உனக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது. வண்டியை ஒரு துணுக்குகூட மீதி வைக்காதே.

எம்மெட் ஓட்டைவாய்தான். ஆனால் எழுதும்போது அழுகிறார், வெளியே சொல்லமாட்டார். அப்பா கோபப்படவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்.

வெண்டல்


பியூட்
பிப்ரவரி 24, 1987

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாய்க்கு விளங்காவிட்டாலும் முழுக்கச் சாப்பிடு. நான் சௌக்கியம்.

டாரல் ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தான். என் எதிரில் உட்கார்ந்து மான்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எழுதி முடித்ததும் அவனே தபாலில் சேர்ப்பதாகச் சொல்கிறான். வந்த அன்றைக்கே வீட்டை மேலும் கீழும் சுற்றிப் பார்த்தான். மாடிக்கு நான் ஏறி எத்தனையோ மாதம் ஆகிறது, தையலறை ஜன்னல் நன்றாக இருக்கிறதாம். நிலக்கரிக் கொட்டகையையும் திறந்து பார்த்தான். சுத்தமாகக் காலி. இந்த வருடம் வாங்கிய கரி எல்லாம் தீர்ந்துவிட்டது.

ரோனாவைப் பற்றி இங்கேயும் ஒரு செய்தியும் இல்லை. டாரலிடம் மனம் விட்டுப் பேசினேன். “அவ உசுரோட இருந்தா, அவளுக்குப் போக்கிடம்னு இருக்கறது இந்த வீடு ஒண்ணுதான். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு இங்கதான் வந்து நிப்பா. நீ ஊர் ஊராத் தேடிப்போற நேரத்துல அவ வந்துட்டுப் போயிட்டா என்ன பண்ணுவ?” என்று கேட்டேன். “நீங்க சொல்றதும் சரிதான் அத்தை” என்றான். கூடத்தில் வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறான். அவனுக்குக் கீழ் அறையில், என் அறைக்கு அடுத்தாற்போல் படுக்கை விரித்துக் கொடுத்தேன். ராத்திரியில் எழுந்து நடக்கிற பழக்கம் இருக்கிறது அவனுக்கு. எனக்கும் தூக்கம் குறைவு, அதனால் தொந்தரவில்லை.

நீ இனிமேல் வெளியே அலைய வேண்டாம். மழையில் கால் வைக்க வேண்டாம். இதுவரை நீ பார்த்துக்கொண்டாய், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா,
ஆர்டித்

மாமாவுக்கு, கீழே நான்கு வரி டாரல் எழுதுவது. அத்தை என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். வேளைக்குச் சோறு, இருக்க இடம். இந்தப் பக்கம் பனி ஏப்ரலில்தான் கரையுமாம். அதுவரை இருந்து பார்க்கச் சொல்கிறார். இருக்கிறேன்.